பதினைந்தடி கேபிள்

சேலையூர்
14.3.1992

திரு. ஸ்ரீநிவாசன் அவர்களுக்கு,

ஜெயவேலு எழுதுவது. உங்கள் சிங்கப்பூர் விலாசத்தைச் சிட்லபாக்கம் போய் உங்கள் அம்மாவிடம் வாங்கினேன். உள்ளே வா என்று கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். வேதசிரோமணி மாஸ்டர் நம் மெல்லிசைக் குழுவை மறுபடி ஆரம்பிக்கிறார். நாலு வருஷமாக அடுத்தவன் குழுவில் கீபோர்டு வாசித்தது போதும் என்கிறார். முதல் கச்சேரி ஆடி மூன்றாம் வெள்ளி, மேடவாக்கம் அம்மன் கோவில். ஆமாம், அதே கோவில்தான், அதே மேடைதான். விழாக் கமிட்டி பொன்னுரங்கம் கடைக்கே வந்து, "பழச எல்லாம் மனசுல வெச்சுகினு இருந்தா ஆவுமா நைனா? நீ வந்து வாசி, நான் கீறேன்ல" என்றார். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சரி என்றேன். அதில் சந்தோஷமும் இல்லை, பயமும் இல்லை. ஒன்றுமே இல்லை.

பேஸ் கிட்டாரைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். நீங்கள் கட்டிக்கொடுத்த ஆம்ப்ளிஃபயரும் இருக்கிறது. கேபிள்தான் சரியில்லை, பிளக் எல்லாம் பச்சை பூத்துக் கிடக்கிறது. கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் போடுகிற கேபிளில் எது நல்லது, எதைப் பார்த்து வாங்குவது என்று எழுதுங்கள். அங்கே வாத்தியக் கடையில்தான் ரிப்பேர் வேலை என்று உங்கள் அம்மா சொன்னார்கள். அதனால்தான் கேட்கிறேன், வேறொன்றுமில்லை.

நான் இப்போது எங்கள் ஜல்லி, சிமெண்ட் கடையில் உட்காருகிறேன். பதில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

இப்படிக்கு,
ஜெயவேலு


சிங்கப்பூர்
27.3.1992

அன்புள்ள ஜெயவேலு,

என்னை நீங்கள் என்று எழுதியிருக்கிறாய். வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று நினைத்து விலாசத்தைத் திருப்பிப் பார்த்தேன். சரி, என்னால் உன்னை அப்படி எழுத முடியாது. மன்னித்துவிடு.

கேபிள் விஷயத்துக்கு வருகிறேன். பருமனைப் பார்த்து மட்டும் ஏமாந்துவிடாதே. விரல் தண்டிக்கு இருக்கிற வயரெல்லாம் நல்ல வயர் இல்லை. ஆம்ப்பிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகிற வயர் தண்டியாக இருக்கும், உள்ளே சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர், அவ்வளவுதான். அதைக் கிட்டாருக்குப் போட்டால் போச்சு. கிட்டாரிலிருந்து வருகிற சிக்னல் ரொம்பச் சின்னது, அதற்குப் போர்வை வேண்டும். நல்ல கேபிளின் மேல் ரப்பரைச் சீவினால் நடுவில் ஒரே ஒரு வயர், அதைச் சுற்றிச் செம்பு இழையில் பின்னிய வலை இருக்கும். அதற்குப் பெயர்தான் ஷீல்டு. பின்னல் நெருக்கமாக இருக்க வேண்டும், வளைத்துப் பார்த்தால் இடைவெளி தெரியக்கூடாது. ஷீல்டு இல்லையென்றால் டியூப்லைட், சீரியல் பல்பு, ஜெனரேட்டர் என்று ஊரிலிருக்கிற உறுமலெல்லாம் உன் கிட்டாருக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பிளக்கின் மூடியைத் திருகித் திறந்து காட்டச் சொல். காட்டமாட்டேன் என்கிற கடையில் வாங்காதே. உள்ளே ஈயப் பற்று பளபளவென்று இருக்க வேண்டும், உருண்டையாகவும் மங்கலாகவும் இருந்தால் அது நிற்காது. ரப்பரைக் கவ்விப் பிடிக்க ஒரு கிளிப் இருக்கும், அது இல்லாவிட்டால் நீ இழுக்கிற இழுப்பெல்லாம் பற்றின் மேல்தான் விழும். நீளம் பதினைந்தடி போதும். நீளம் கூடக் கூடச் சத்தம் மொண்ணையாகும். அதோடு நீ மேடையில் ஓரடி நகர்ந்து நான் பார்த்ததில்லை. வாங்குமுன் ஒரு ஆம்ப்பில் சொருகி, கேபிளைத் தரையில் தட்டிப் பார். டொப் டொப்பென்று ஸ்பீக்கரில் கேட்டால் வேண்டாம்.

பழைய கேபிளில் ஷீல்டு வயர்தானே போட்டிருந்தாய்? நான் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன், நீயும் ஷீல்டுதான் என்று சொன்ன ஞாபகம்.

பேபி எப்படி இருக்கிறாள்? கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

ஸ்ரீனி


சேலையூர்
11.4.1992

ஸ்ரீனிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ரயிலேறி ரிச்சி தெருவுக்குப் போனேன். முதல் கடைக்காரனிடம் பிளக்கைத் திறந்து காட்டச் சொன்னேன். "இன்னா சார், வெங்காயமா இது, உரிச்சுப் பாத்து வாங்குறதுக்கு? வோணும்னா வாங்கு, இல்லாங்காட்டி காத்து வரட்டும், நவுரு" என்றான். அடுத்த இரண்டு கடையிலும் இதே கதை. சரியான பேஜார். வாங்காமல் திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, சும்மா இருக்கமாட்டாமல், பழைய கேபிளைக் கத்தியால் சீவினேன். சிவப்பு, கறுப்பு. வலையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

உன்னிடம் சொல்லாததை இப்போது சொல்கிறேன். எண்பத்தேழில் நீ சிகரெட் அட்டையில் ஷீல்டு வயர் என்று எழுதிக் கொடுத்தாய். கடைக்காரன் இரண்டு வயரைக் காட்டினான். நீ எழுதியது ஒல்லியாக, செருப்பு வார் மாதிரி இருந்தது. இன்னொன்று தண்டியாக, கெட்டியாக இருந்தது. பேஸுக்கு இந்த ஒல்லி வயர் எப்படித் தாங்கும், இவன் ஏமாற்றுகிறான் என்று நினைத்து நானே தண்டி வயரைக் கேட்டு வாங்கினேன். ஜல்லியும் கம்பியும் விற்கிற குடும்பம் பார், எடையை வைத்துத்தான் எதையும் மதிப்போம். நீ கேட்டபோது ஷீல்டுதான் என்றேன். வயர் வாங்கத் தெரியாதவனெல்லாம் பேஸ் வாசிக்க வந்துவிட்டான் என்று நீ குழுவில் எல்லோர் எதிரிலும் சிரிப்பாய், அதற்குப் பயந்துதான். அன்றிலிருந்துதான் அந்த உறுமல்.

பேபியைக் கேட்டாய். என் தங்கை இருக்கிறாள். கடையில் இடது கையால் பில் எழுதுகிறாள். வலது கையில் இரண்டு விரலுக்கு இன்னும் உணர்ச்சி வரவில்லை. சுடுகிற டம்ளரை எடுத்துவிடுவாள், கொப்புளம் வந்த பிறகுதான் பார்ப்பாள். பாடுவதில்லை. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நாள் முழுக்கக் கையைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள், அதைத்தான் பார்க்க முடியவில்லை. சுவிட்சைத் தொடுமுன் துடைப்பாள். போனை எடுக்குமுன் துடைப்பாள். சோற்றுத் தட்டைத் தொடவும் துடைப்பாள். இடுப்பில் ஒரு துண்டு எப்போதும் இருக்கும். யாராவது கேட்டால், "ஈரக் கையோட கிட்டார தொட்டேன், அதான் இப்டி ஆயிடுச்சு" என்று அவளே சொல்லுவாள்.

உனக்குத் தெரியும், முதல் பாட்டுக்கு முன்னால் ஒவ்வொரு வாத்தியமாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது அவள் வழக்கம். அன்றைக்கு மேடவாக்கத்திலும் இடது கையில் மைக்கைப் பிடித்தபடி வலது கையால் என் கிட்டார்க் கம்பியைத் தொட்டாள். விழுந்தாள். நீ ஓடிவந்து மெயினைப் பிடுங்கினாய். ஜனங்கள் எழுந்து ஓடப் பார்த்தபோது பொன்னுரங்கம் மைக்கைப் பிடித்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, பொண்ணு ஈரக் கையோட தொட்டுடுச்சு, எல்லாம் ஒக்காருங்க" என்றார். ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. அவளும்தான்.

அவள் கை காய்ந்துதான் இருந்தது ஸ்ரீனி. நான் பக்கத்தில் நின்றேன், எனக்குத் தெரியாதா? தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. ஈரக் கை என்றால் யார் மேலும் தப்பில்லை என்று ஆகிவிட்டது. விட்டுவிட்டேன்.

இப்போது ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல். ஷீல்டு இல்லாத வயர் போட்டதால் ஷாக் அடிக்குமா? அவளை அப்படி ஆக்கியது நானா?

ஜெயவேலு


சிங்கப்பூர்
30.4.1992

ஜெயவேலு,

அடிக்காது. ஷீல்டு இல்லாத வயர் உறுமும், அவ்வளவுதான். ஆளை அடிக்காது.

அடிக்கலாம் என்று ஒரே வார்த்தை எழுதியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. அந்த ஒரு வார்த்தையை எழுதலாமா என்றுதான் ஒன்பது நாளும் யோசித்தேன். இதுதான் என் லட்சணம், தெரிந்துகொள்.

அன்றைக்குச் சாயங்காலம் உறுமல் தாங்கவில்லை. மேடையைச் சுற்றிச் சீரியல் பல்பு, பக்கத்திலேயே ஜெனரேட்டர். மாஸ்டர் கத்துகிறார், கமிட்டிக்காரர்கள் வந்து வந்து எட்டிப் பார்க்கிறார்கள். உன் கேபிளில் ஷீல்டு இருக்கிறது என்று நீ சொல்லியிருந்தாய், நான் நம்பினேன், அதனால் அதைத் தொடவேயில்லை. அப்படியானால் எர்த்தில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். மைக் செட்டுக்கு ஒரு எர்த், உன் ஆம்ப்புக்கு ஒரு எர்த், இரண்டும் சேர்ந்தாலும் உறுமும். உன் ஆம்ப்பின் மூன்று முள் பிளக்கைத் திறந்து, எர்த்தான பச்சை வயரைக் கழற்றி, டேப் சுற்றி உள்ளேயே மடக்கி வைத்து மூடிவிட்டேன். பாதி உறுமல் குறைந்தது. மீதி ஏன் போகவில்லை என்று அன்றைக்குப் புரியவில்லை, உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் புரிகிறது.

அந்த ஆம்ப் நான் கட்டியது. பழைய டிரான்ஸ்ஃபார்மர் போட்டிருந்தேன், அதிலிருந்து கரண்ட் கசிந்திருக்கிறது. பச்சை வயர் இருந்திருந்தால் அது பாட்டுக்கு மண்ணுக்குப் போயிருக்கும். இல்லாததால் ஆம்ப் பெட்டியில் ஏறி, கேபிள் வழியாக உன் கம்பியில் வந்து நின்றது. நீ பலகை மேல் நின்றாய், உனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் கையிலிருந்த மைக்குக்கு எர்த் இருந்தது. கம்பியைத் தொட்டதும் அவள் வழியாகப் போய்விட்டது.

கச்சேரி முடிந்ததும் மாட்டிவிடலாம் என்றுதான் கழற்றினேன். சத்தியமாக.

ஆஸ்பத்திரிக்கு மூன்று நாள் வந்தேன். வாசல் டீக்கடை வரைக்கும். நாலாம் நாள் இங்கே இருக்கிற மாமாவுக்குக் கடிதம் எழுதி வேலை கேட்டேன். சிங்கப்பூரில் சான்ஸ் கிடைத்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். கிடைக்கவில்லை, ஓடிவந்தேன்.

பிளக்கைத் திறந்து பார்.

ஸ்ரீநிவாசன்


சேலையூர்
16.5.1992

பார்த்தேன்.

பச்சை வயர் மடங்கிக் கிடந்தது. கறுப்பு டேப். நுனியைக் கொஞ்சம் மடித்து விட்டிருந்தாய். எப்போதும் அப்படித்தான் செய்வாய், திரும்பப் பிரிக்கச் சுலபமாக இருக்கும் என்பாய். பிடித்து இழுத்தேன். சுலபமாகத்தான் வந்தது.

உன்னைக் கொன்று போடலாம் போல் ஆத்திரம் வந்தது என்று எழுதத்தான் ஆசை. வரவில்லை. கடைக்குப் போனேன். லோடு வந்திருந்தது, ஆள் வரவில்லை, முப்பது மூட்டை சிமெண்டை நானே இறக்கினேன். பேபி, "இன்னாண்ணா, இன்னிக்கி பேய் புடிச்சிடுச்சா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

நீ முழுசாகச் சொன்னாய், நானும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குச் சுருதி சேர்க்கும்போது மேடையின் இரும்புக் கம்பத்தில் முழங்கை பட்டது. கம்பியில் இருந்த விரல் சுறுசுறுவென்றது. உடனே கையை எடுத்துவிட்டேன். உன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நீ அந்தப் பக்கம் ஸ்பீக்கரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாய், கூப்பிட்டால் மறுபடி அரை மணி நேரம் ஆகும், மாஸ்டர் கத்துவார். கம்பத்தில் படாமல் நின்றால் போதும் என்று ஓரடி தள்ளி நின்றுகொண்டேன். அப்புறம் பேபி வந்தாள்.

என் பொய், உன் பச்சை வயர், நான் மறைத்த சுறுசுறு. மூன்றில் ஒன்று இல்லாமல் இருந்திருந்தாலும் அவள் இன்றைக்குப் பாடிக்கொண்டிருப்பாள்.

கச்சேரிக்கு வரவில்லை என்று மாஸ்டரிடம் சொல்லப்போகிறேன். கேபிள் வேண்டாம்.

ஜெயவேலு


சிங்கப்பூர்
2.6.1992

ஜெயவேலு,

வேண்டாம் என்று நீ எழுதுமுன்பே கேபிளைக் கட்டிவிட்டேன். எங்கள் கடைக்கு வருகிற ஒருவர் ஜூன் கடைசியில் பல்லாவரம் வருகிறார், அவர் கையில் கொடுத்துவிட்டிருக்கிறேன். பதினைந்தடி. பின்னலைப் பார்த்து நானே பற்றவைத்தேன், மூன்று நாள் முறுக்கிப் பார்த்தேன். ஆனால் அந்த ஆம்ப்பில் அதை அப்படியே சொருகாதே. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு டிரான்ஸ்ஃபார்மரை மாற்றச் சொல். பச்சை வயரை அவர் கையால் மாட்டச் சொல். மெகர் மீட்டர் வைத்துக் கசிவு இல்லை என்று பார்த்துச் சொன்ன பிறகுதான் நீ தொட வேண்டும்.

கேபிளைப் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியாகிவிட்டது. அங்கே அவள் கையைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள். விரலுக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. அந்தத் துண்டையாவது அவள் இடுப்பிலிருந்து எடுக்க வேண்டாமா?

அவளிடம் சொல். எர்த்தைக் கழற்றியது நான் என்று சொல். கேபிளையும் சுறுசுறுவையும் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, அது நமக்குள் இருக்கட்டும். நீ தினமும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியவன். நான் எங்கோ இருக்கிறேன். முழுப் பழியும் என் மேல் இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஸ்ரீனி


சேலையூர்
19.7.1992

ஸ்ரீனி,

கச்சேரிக்கு வரவில்லை என்று மாஸ்டரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. கேபிள் ஜூலை முதல் வாரம் வந்தது. எலக்ட்ரீஷியன் வந்தார். டிரான்ஸ்ஃபார்மர் மாற்றியாகிவிட்டது, பச்சை வயர் மாட்டியாகிவிட்டது. மெகர் பார்த்துவிட்டு, "இப்ப கொயந்த கூட தொடலாம்" என்றார்.

நீ சொன்னபடியே உன் பெயரை மட்டும் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். வியாழக்கிழமை மத்தியானம், கடையில் யாரும் இல்லாதபோது ஆரம்பித்தேன். எர்த் வரைக்கும் சொன்னேன். அவள் பில் புத்தகத்தை மூடி வைத்தாள்.

"அப்போ என் கை ஈரமில்லியா?"

"இல்ல."

"ஒனக்குத் தெரியுமா?"

அந்த இடத்தில் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். உன் கடிதம் வீட்டில் பெட்டிக்குள் இருக்கிறது, அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது? ஆனால் அவள் அதைக் கேட்டுவிட்டுத் துண்டை எடுத்து வலது கையைத் துடைக்க ஆரம்பித்தாள். கேட்டுக்கொண்டே துடைக்கிறாள் ஸ்ரீனி.

தெரியும் என்றேன். "அன்னிக்கேவா?" என்றாள். அன்னிக்கே என்றேன். அப்புறம் தண்டி வயரையும், உன்னிடம் சொன்ன பொய்யையும், விரல் சுறுசுறுவென்றதையும், ஓரடி தள்ளி நின்றதையும் சொன்னேன். அவள் அழுவாள், அடிப்பாள் என்று பார்த்தேன். எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த இரண்டு நாளும் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போவாள், அம்மா அவள் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

இன்று காலை வீட்டில் கிட்டாரை எடுத்து உன் கேபிளைச் சொருகினேன். உறுமல் துளி இல்லை. ஆம்ப் ஓடுகிறதா என்று சிவப்பு லைட்டைக் குனிந்து பார்த்தேன். அப்போது கொல்லையில் குழாய்ச் சத்தம் கேட்டது. பேபி வந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் தண்ணீர் சொட்டுகிறது. இடுப்பில் துண்டு இல்லை.

என் கை தானாக மெயின் சுவிட்சுக்குப் போனது. "அத்தத் தொடாத" என்றாள்.

எலக்ட்ரீஷியன் சொன்னதெல்லாம் அந்த நிமிஷம் என் ஞாபகத்தில் இல்லை. வெறும் தரையில் நின்றபடி அந்த ஈரக் கையைக் கம்பியில் வைத்தாள். அதே இரண்டு விரல். அழுத்தி இழுத்தாள். கீழ்க் கம்பி வீடே அதிர ஒலித்து அடங்கியது. அவள் விரலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நாலு வருசம் தொடச்சேண்ணா" என்றாள்.

நாலு வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை. நான் அழுது முடிக்கும் வரைக்கும் நின்றாள். பிறகு சொன்னாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன்:

"ஸ்ரீனி அண்ணனுக்கு எய்து. கேபிளு வந்துச்சு, நல்லா கீதுன்னு எய்து. மீதிய அவரு லெட்டர்ல சொல்ல வோணாம். ஈரக் கைன்னு ஊரக் கூட்டி மைக்குல சொன்னாங்க இல்ல? அதே மேடையில, அதே ஜனத்துக்கு முன்னால, மைக்குல வந்து சொல்லச் சொல்லு. நீயும்தான். சொல்லிட்டு அப்புறம் வாசி."

பொன்னுரங்கத்திடம் போய்ச் சொல்லிவிட்டேன். "திருவிழா அன்னிக்கி எதுக்கு நைனா இதெல்லாம்? கம்முனு வுடு" என்றார். அப்படியானால் கச்சேரியே இல்லை என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு சரி என்றார்.

அவள் பாடுவாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்க நாள் இல்லை. நீ வராவிட்டாலும் என் பங்கை நான் சொல்லிவிடுவேன். உன் பங்கையும் நான் சொல்ல முடியாது, அது உன் வாயால்தான் வர வேண்டும். ஜூலை முப்பத்தொன்று, வெள்ளிக்கிழமை. கச்சேரி ஏழு மணிக்கு. ஆறு மணிக்கே வந்துவிடு, பிளக்கையெல்லாம் ஒரு தடவை திறந்து பார்க்க வேண்டும்.

ஜெயவேலு